சிரிப்பும் மன்னிப்பும்

மெய்ப்பாடுகள் எட்டினை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அதனை அடுத்து அழுகையை வைத்தார். அவ்வரிசைக்கு உரையாசிரியர்கள் எக்காரணம் கூறினும், இரண்டும் அண்டை வீட்டார் என்பதை வாழ்க்கை நமக்கு நாள்தோறும் உணர்த்துகிறது. சாவு வீட்டிலும் சிரிப்பு எழுவதுண்டு. அந்தச் சிரிப்பைக் கலையாக்கும் படங்களை அவல நகைப் படங்கள் எனலாம். சீர்குலைந்த குடும்பத்தைப் பொருளாகக் கொள்ளும் இத்தகைய படங்கள் பெரும்பாலும் மன்னிப்பில் முடிகின்றன. அந்த மன்னிப்பு யாருடையது? யாரிடமிருந்து, என்ன விலைக்குப் பெறப்பட்டது? இவ்வினாவை முன்வைத்துத் தமிழ்ப் படங்கள் இரண்டினை இங்கு நோக்குவோம்.

முதலாவது, கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் 1954இல் வெளிவந்த 'ரத்தக்கண்ணீர்'. திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகம் எம். ஆர். ராதாவின் நடிப்பால் மேடையில் வெற்றி கண்டு, பின்னர் திரைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய மோகனசுந்தரம் தாயையும் மனைவி சந்திராவையும் புறக்கணித்துக் காந்தாவிடம் தஞ்சம் புகுகிறான். தொழுநோய்க்கு ஆளாகித் தெருவில் பிச்சையெடுக்கிறான். உடல் அழிந்த பின்பும் அவன் நாக்கு அழியவில்லை. போலிப் பக்தியையும் பணக்காரரின் பகட்டையும் அவன் கிண்டல் செய்கையில் மக்கள் கைதட்டிச் சிரித்தனர். அச்சிரிப்பு சீர்திருத்தச் சிரிப்பு என்பதில் ஐயமில்லை. இறுதியில் தன் மனைவியை நண்பன் பாலுவுக்கு மணம் செய்து வைத்துவிட்டு அவன் மறைகிறான். பெண்ணின் மறுமணத்தை 1954இல் வெள்ளித்திரையில் வற்புறுத்தியது துணிவான செயலே.

ஆயினும் இரண்டு குறைகளை நாம் மறைத்தல் ஆகாது. ஒன்று, சந்திராவின் உள்ளத்தை எவரும் கேட்கவில்லை. அவளை வதைத்தவனே அவள் மறுவாழ்வையும் தீர்மானிக்கிறான். அவள் மன்னித்தாள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மன்னிக்காதிருக்கும் உரிமை அவளுக்கு இருந்ததா என்று எண்ணுவதில்லை. மற்றொன்று, நோயைப் பாவத்தின் கூலியாகக் காட்டியமை. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நோர்வே நாட்டு ஹான்சன் 1873இலேயே கண்டறிந்துவிட்டார். எண்பத்தோர் ஆண்டுகளின் பின்னும் பகுத்தறிவு பேசிய படம் பழைய மூடநம்பிக்கையைக் கைவிடவில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் எமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளர் பல்லாண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் யாது? நோயுற்றமை ஒன்றே.

இரண்டாவது, தியாகராஜன் குமாரராஜா இயக்கி 2019 மார்ச் மாதம் வெளிவந்த 'சூப்பர் டீலக்ஸ்'. இது அவல நகையின் தன்மையை முழுமையாக ஏற்ற படம். கணவன் இல்லாத வேளையில் வேம்பு தன் பழைய காதலனை வீட்டுக்கு அழைக்கிறாள்; அவன் அங்கேயே இறந்துபோகிறான். திரும்பி வந்த கணவன் முகிலும் அவளும் பிணத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒளித்துவைத்து, விருந்தினர் முன் இயல்பாக நடிக்க முயல்கின்றனர். நாம் சிரிக்கிறோம், குடும்ப மானம் என்னும் பெட்டிக்குள் எத்தனை வீடுகளில் எத்தனை பிணங்கள் ஒளிந்துள்ளன என்ற எண்ணம் எழுந்ததும் சிரிப்பு உறைகிறது. பிணத்தை அகற்றும் அலைச்சலிடையே இருவரும் வாழ்நாளில் முதன்முறையாக ஒருவரோடொருவர் உண்மை பேசுகின்றனர். அவர்களது மன்னிப்பு அந்த உண்மையிலிருந்தே பிறக்கிறது. சந்திராவுக்குக் கிட்டாத பேச்சு வேம்புவுக்குக் கிட்டியது. அறுபத்தைந்து ஆண்டுகளில் தமிழ்த் திரை நடந்த தூரம் அது.

இதே படத்தின் மற்றொரு கிளைக்கதையில், மாணிக்கம் என்ற பெயரோடு வீட்டை விட்டுச் சென்றவர் ஷில்பா என்னும் திருநங்கையாக மனைவி ஜோதியிடம் திரும்புகிறார். விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த பாத்திரம் இது. தந்தையின் புதிய கோலம் சிறுவன் ராசுக்குட்டிக்கு ஒரு பொருட்டே அன்று. 'உனக்கு அப்பா உண்டா' என்று ஏளனம் செய்த தோழருக்குக் காட்ட அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே எழும் சிரிப்பு, படம் நம்மிடம் எழுப்பிய சிரிப்பன்று. அது கூட்டம் கூடித் தனியொருவரை மிதிக்கும் சிரிப்பு. வலியவனின் போலித்தனத்தைக் கண்டு எழும் நகையும், எளியவரின் உடலைக் கண்டு எழும் நகையும் ஒன்றல்ல என்பதை வகுப்பறையில் நிற்கும் நாம் அனைவரும் உணர்தல் வேண்டும்.

படத்தின் குறைகளும் இங்கேதான் உள்ளன. ஷில்பாவின் பாத்திரம் பழகிப்போன வார்ப்பிலேயே அமைந்தது என்று திருநங்கையர் சிலர் கண்டித்தனர். அது புறந்தள்ளத்தக்க கண்டனமன்று. ஜோதி தனித்து வாழ்ந்த ஆண்டுகளின் துயரத்துக்குப் படம் தந்த நேரமும் சிறிது. அவளும் விரைந்து மன்னித்துவிடுகிறாள். ஷில்பாவையும் வேம்புவையும் கொடுமைப்படுத்தும் பொலிஸ் உப பரிசோதகனோ மேலிருந்து விழும் தொலைக்காட்சிப் பெட்டியால் மாய்கிறான். அதிகாரத்தை மக்கள் எதிர்கொள்ளும் வழியைக் காட்டாது, தற்செயலிடம் நீதியை ஒப்படைத்துவிட்டார் இயக்குநர். குடும்பத்துக்குள் உண்மையைத் தேடிய கலைஞர், வாசலைத் தாண்டியதும் விதியிடம் சரணடைந்தமை வருந்தத்தக்கது.

உண்மை முதலில், மன்னிப்பு பின்னர் என்னும் முறை எம் பிரதேசத்துக்குப் புதிதன்று. வைகாசியில் செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் வாவியோரத்துப் பிற ஊர்களிலும் கண்ணகி அம்மன் கோயிற் கதவு திறக்கப்படுகிறது. பல நாள்கள் வழக்குரை காவியம் படிக்கப்பட்ட பின்னரே திருக்குளிர்த்தி நிகழ்கிறது. அம்மனிடம் 'கோபம் தணிக' என்று எடுத்த எடுப்பில் எவரும் வேண்டுவதில்லை. அவள் வழக்கு முழுவதும் ஊரறியச் சொல்லப்படுகிறது. அதன் பின்னரே குளிர்த்தி. சடங்கு என்று நாம் ஒதுக்கினும், அதனுள் உறைந்திருக்கும் மக்கள் அறிவை ஒதுக்குதல் தகாது. ஆனால் அதே ஊர்களில், தாய்வழிக் குடிமரபின்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் சேரும் ஊர்களில், அடிபட்டுத் தாய்வீட்டுப் படியேறும் பெண்ணிடம் அவள் வழக்கைக் கேளாமலே 'பொறுத்துப் போ மகளே' என்கிறோம். அம்மனுக்கு அளித்த செவியை மகளுக்கு அளிக்க மறுக்கிறோம்.

வீட்டுக்குள் நிகழும் இப்பிழை நாட்டளவிலும் நிகழ்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் முதியோரும் கொல்லப்பட்டனர். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டது. நல்லிணக்கம் என்னும் சொல் அதன் பின்னர் மேடைதோறும் ஒலித்தது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கேட்டதோ வேறு: என் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது? அக்கேள்விக்கு விடை கூறாது கேட்கப்படும் மன்னிப்பு, சந்திராவிடம் கேளாமலே எடுத்துக்கொள்ளப்பட்ட மன்னிப்பை ஒத்தது. காத்தான்குடியின் வழக்கைத் தமிழராகிய நாம் செவிமடுக்கவும், சத்துருக்கொண்டானின் வழக்கை அரசு செவிமடுக்கவும் கடமை உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்போர், பிணத்தைப் பெட்டிக்குள் வைத்து விருந்து நடத்துவோரே ஆவர்.

ஆகவே, இத்தகைய படங்களின் சிரிப்பைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. பெட்டியின் மூடியைத் திறக்கும் கருவி அது. மூடியைத் திறந்த பின் உள்ளே இருப்பதை நேர்நின்று பார்ப்பதும், பாதிக்கப்பட்டவர் பேசும்போது இடைமறியாது கேட்பதும் படம் பார்த்த நம் பொறுப்பு. மன்னிப்பதா இல்லையா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.