உட்கார நேரமிருப்பவரின் உறக்கம்

பகல் தூக்கத்தை அளக்க உலகெங்கும் மருத்துவர்கள் கையாளும் எப்வர்த் அளவுகோலை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அம்மாவுக்காக அதை நிரப்பிய பிறகுதான். 1991இல் ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் வெளியிட்ட அந்தப் படிவத்தில் எட்டுச் சூழல்கள் உண்டு: உட்கார்ந்து வாசிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது, அரங்கிலோ கூட்டத்திலோ சும்மா உட்கார்ந்திருப்பது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகச் செல்வது, மதியம் படுப்பது, உட்கார்ந்து பேசுவது, மது இல்லாத மதிய உணவுக்குப்பின் அமைதியாக இருப்பது, நெரிசலில் நிற்கும் காரில் இருப்பது. ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10ஐத் தாண்டினால் அது அளவுக்கு மீறிய பகல் தூக்கம்.

இந்த எட்டிலும் யாரும் நிற்பதில்லை. யார் கையிலும் கரண்டி இல்லை.

அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஆறு ஆண்டுகள். நடுக்கத்தோடும் அடுப்படியை விடவில்லை. செவிலியர் கேள்விகளை வாசித்தபோது, "நான் எங்கம்மா தியேட்டருக்கெல்லாம் போறேன்?" என்று சிரித்தார். பழக்கமில்லாத சூழலையும் கற்பனை செய்து விடை தரும்படி படிவமே கேட்கிறது. அம்மா கற்பனை செய்தார், பெரும்பாலும் பூஜ்ஜியம். மொத்தம் 5. தூக்கப் பிரச்சினை இல்லை என்று கோப்பில் ஏறியது.

அதற்கு முந்தைய வாரம்தான், தோசை திருப்பிக்கொண்டிருந்தவர் ஒரு கொட்டாவிகூட விடாமல் மேடையில் சாய்ந்து உறங்கி, கல்லில் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். அதை அவர் தூக்கமென்று சொல்லவில்லை, "அசந்துட்டேன்" என்றார். 'கவனமில்லை' என்று வீட்டில் கடிந்துகொண்டோம். நானும்தான்.

மருத்துவ எழுத்து யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்பதும் இங்கே கேள்வி. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த ஆறு பேரும் ஆண்கள். திடீர் உறக்கத்தின்மேல் கவனத்தைத் திருப்பிய 1999ஆம் ஆண்டுக் கட்டுரை, பிரமிபெக்சோல் அல்லது ரோபினிரோல் மாத்திரை எடுத்து, கார் ஓட்டுகையில் உறங்கிப்போன நோயாளிகளைப் பற்றியது. அவசியமான எச்சரிக்கை அது, குறை சொல்லமாட்டேன். ஆனால் ஸ்டியரிங் முன்னால் வரும் உறக்கம் மருந்தின் பக்கவிளைவாகவும், அடுப்பின் முன்னால் வரும் உறக்கம் பெண்ணின் அசட்டையாகவும் ஏன் பதிவாகின்றன?

படிவத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சொல்லாமல் வரும் உறக்கத்தை அதன் மதிப்பெண் காட்டாமல் போகலாம் என்கிறேன். அடுத்த சந்திப்பில் அதன் அடியில் ஒன்பதாவதாக நானே எழுதினேன்: 'அடுப்பின் முன் நின்று சமைக்கும்போது.' அம்மா யோசிக்காமல் "மூணு" என்றார். மருத்துவர் மாத்திரைச் சீட்டை மறுபடி வாங்கிப் பார்த்தார். பிரமிபெக்சோல் அளவு அன்றுதான் குறைந்தது.