கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

காந்திபுரத்தில் நூறடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் டிடிபி கடை ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை, சீர் அழைப்பிதழ், முனைவர் பட்ட ஆய்வேடு எல்லாம் ஒரே கணினியில் தட்டச்சாகும். என்னிடம் முதுகலை படித்த பெண்ணொருத்தி தன் சிறுகதைகளை அங்கேதான் அடித்து வைத்திருந்தாள். அச்சிட்டுத் தர பதிப்பகம் ஒன்று பணம் கேட்டதால் மின்னூலாகவே போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள். யார் பெயரில் போடப் போகிறாய் என்று கேட்டேன்.

“எம்பட பேர்ல போடோணும்னுதானுங் மேடம் ஆசை. ஆனா பேங்க் கணக்கு, ஓடிபி எல்லாம் அவரு போனுக்குத்தானுங்க வருது.”

மின்பதிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘வாயிற்காவலர் இல்லாத வெளி’ என்று கொண்டாடும்போதெல்லாம் இந்தப் பதில் நினைவுக்கு வருகிறது. 2016 இறுதியில் அமேசான் கிண்டில் தமிழ் நூல்களுக்கு இடம் தந்தபோது நானும் மகிழ்ந்தேன். அதற்கு முன்பே, 2013 முதல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் நூல்களை இலவசமாக வெளியிட்டு வந்தார்கள். ஆசிரியர் குழுவின் அறையில் காத்திருக்க வேண்டாம், தொகுப்பில் இரண்டு கவிதையை ‘மென்மையாக்க’ வேண்டாம். இவை சின்ன விடுதலைகள் இல்லை. சல்மா புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு எழுதிய காலத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஆனால் பணம் வரும் கணக்குக்கு நிரந்தரக் கணக்கு எண் வேண்டும், வங்கி விவரம் வேண்டும், வரிப் படிவம் வேண்டும். நூலின் முகப்பில் புனைபெயர் போடலாம். கணக்கில் போட முடியாது. கைபேசி யார் கையில் இருக்கிறதோ அவரே முதல் தணிக்கையாளர்.

தன் நூலைத் தானே வெளியிடுவது தமிழ்ப் பெண்ணுக்குப் புதிதல்ல. 1901இல் பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதத் தெரியாத நாளில் தன் முதல் நாடகத்தைத் தோழியிடம் சொல்லி எழுத வைத்தார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்றுத் திருவல்லிக்கேணியிலிருந்து நடத்தினார், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவர் கையில் ஒரு பத்திரிகை இருந்தது. அதன் சந்தாதாரர்களின் முகவரியும் இருந்தது. இன்று கிண்டிலில் நூல் போடும் பெண்ணுக்குத் தன்னை வாசித்தவர் யார் என்பதே தெரியாது. அந்தப் பட்டியல் நிறுவனத்திடம் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

அடுத்து, வடிவம். கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் வாசிக்கப்படும் நூலுக்கு, புரட்டிய பக்கங்களின் கணக்கில் பணம் தருகிறார்கள். எழுத்தின் அளவை வைத்துப் பக்கத்தை அவர்களே வகுத்துக்கொள்கிறார்கள். அறுநூறு பக்கக் குடும்ப நாவலுக்கு இது லாபம். ஐம்பது கவிதை கொண்ட தொகுப்புக்கு? வெற்றிடத்துக்குக் கூலி கிடையாது. கவிதையில் வெற்றிடமும் நான் எழுதியதுதான்.

வரி முறிவும் அப்படியே. தமிழ்ச் சொல் நீளமானது, விகுதி மேல் விகுதி ஏறும். கைபேசித் திரையில் வாசகி எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் போதும், நான் நிறுத்திய இடம் ஓரிடம், திரை நிறுத்தும் இடம் வேறிடம். எது என் முறிவு, எது இயந்திரத்தின் முறிவு என்று அவளால் சொல்ல முடியாது. மடங்கும் அடியை உள்தள்ளிக் காட்ட வழியிருக்கிறது. அதைப் புதிதாக வருகிறவளுக்குச் சொல்லித்தர ஆளில்லை.

எழுத்துருச் சங்கடமும் தீரவில்லை. 2010 ஜூனில் இதே கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. ஆனால் சந்துக்கடைக் கணினி இன்னும் வானவில்லிலும் பாமினியிலும்தான் தட்டுகிறது. மாற்றும்போது ஒற்றைக்கொம்பு இடம் மாறும், ஔகாரத்தில் ‘ள’ தனியாக வந்து நிற்கும். என் மாணவியின் கதைகளில் மாமியாரின் ‘கௌரவம்’ எல்லா இடத்திலும் உடைந்து கிடந்தது. இருவரும் சிரித்தோம், பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினோம்.

இனி, அதிகம் வாசிக்கப்படும் எழுத்து. இணையத் தளங்களில் தொடராக எழுதி, முடிந்ததும் அங்கிருந்து நீக்கிவிட்டுக் கிண்டிலில் ஏற்றுகிற பெண் எழுத்தாளர்கள் பலர் இருக்கிறார்கள். நீக்குவதற்குக் காரணம் உண்டு. இந்திய விற்பனையில் 70 விழுக்காடு உரிமைத்தொகை வேண்டுமென்றால், 90 நாட்களுக்கு வேறெங்கும் மின்வடிவில் தரக்கூடாது என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் 35. அப்படி ஏற்றிய நாவல் சில நாளில் டெலிகிராமில் பிடிஎஃப்பாக உலவும். பகிர்கிறவர்களில் பெண்களும் உண்டு.

இலக்கிய விமர்சனம் இந்த நாவல்களைத் தொடுவதில்லை. நான் இரண்டு கோடை விடுமுறைகளில் நாற்பதுக்குக் குறையாமல் வாசித்தேன். சிலவற்றில் வேலைக்குப் போகும் பெண்ணின் களைப்பு, நம் சிற்றிதழ்க் கதைகளில் காணாத துல்லியத்தோடு வருகிறது. பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வந்து மாவரைக்கும் நேரத்தை அவர்கள் நிமிடக் கணக்கில் அறிவார்கள். அதே நாவலில் கதாநாயகன் கட்டாயமாகத் தாலி கட்டுவான், அவள் பத்தாவது அத்தியாயத்தில் அவனைக் காதலிக்கத் தொடங்குவாள். வன்முறை அன்பின் முன்னுரையாகிவிடுகிறது. பெண் எழுதியதால் இதை விட்டுவிட நான் தயாரில்லை. ‘குப்பை’ என்று ஒதுக்கவும் தயாரில்லை. பக்கத்துக்குக் காசு தரும் முறையில் வாசகியை இழுத்துப் பிடிக்கும் திருப்பங்களுக்கு விலை அதிகம், எழுதுகிறவர்கள் அதையும் அறிந்தே எழுதுகிறார்கள். 1984இல் அம்பை தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு ஆய்வுநூல் கொண்டுவந்தார். மின்னூல் எழுத்துக்கு அப்படியொரு பொறுமையான வாசிப்பு இன்னும் நடக்கவில்லை.

அங்கீகாரத்தின் கதை தனி. நூலக ஆணை அச்சுப் பிரதிக்கு. 2018இல் மின்னூலுக்கு ஜிஎஸ்டியை 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைத்தபோதும், அச்சு வடிவம் உள்ள நூலுக்கு மட்டுமே அந்தச் சலுகை. உடல் இல்லாத நூல் நூலில்லை என்று சட்டமே சொல்வதுபோல் இருந்தது. ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜாராம் மோகன்ராய் முகமையிடம் கட்டணமின்றிப் பெறலாம் என்பதைக்கூட என் வகுப்பில் யாரும் அறிந்திருக்கவில்லை. அந்த எண்ணுக்காகவே ஆயிரக்கணக்கில் கொடுத்த பெண்களை எனக்குத் தெரியும்.

என் மாணவி கடைசியில் சொந்தமாக ஒரு சிம் வாங்கினாள். தபால் நிலையச் சேமிப்பை எடுத்துத் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கினாள். நூல் வந்து ஐந்து மாதமாகிறது. பதினொரு பேர் வாங்கியிருக்கிறார்கள், அதில் இருவர் என் சக ஆசிரியைகள். கணவருக்கு இன்னும் தெரியாது. இரண்டாம் தொகுப்பை இப்போது கைபேசியிலேயே, யூனிகோடில், பேருந்தில் போகும்போது அடிக்கிறாள்.