வலைப்பின்னல் உடையும் புள்ளி

இரும்பைச் சூடாக்கினால் 770 டிகிரி செல்சியஸ் அருகே அதன் நிரந்தரக் காந்தத்தன்மை மறைந்துவிடும். இத்தகைய நிலைமாற்றங்களை 20-ஆம் நூற்றாண்டு இயற்பியல் நுட்பமாக ஆராய்ந்தது. ஆனால் அந்த ஆய்வின் பெரும்பகுதி படிகங்களின் சீரான அடுக்கையே அடித்தளமாகக் கொண்டது. அங்கே ஒவ்வோர் அணுவுக்கும் அண்டை அணுக்கள் சம எண்ணிக்கையில் இருக்கும். மின்கட்டமைப்பிலும் இணையத்திலும் நோய் பரவும் மனிதத் தொடர்புகளிலும் அந்தச் சீர் கிடையாது. ஒரு கணுவுக்கு, அதாவது வலையின் ஒரு புள்ளிக்கு, மூன்று இணைப்பு என்றால் இன்னொன்றுக்கு மூவாயிரம். இங்கே நிலைமாற்றம் எப்படி நடக்கிறது என்பதே வலைப்பின்னல் இயற்பியலின் மையக் கேள்வி.

இதற்கு முதல் கணிதத் தெளிவு தந்தவர்கள் ஹங்கேரியின் பால் எர்டோஷும் ஆல்ஃபிரெட் ரேன்யியும். தனித்தனிக் கணுக்களைத் தற்செயலாக ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று 1960-இல் அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒரு கணுவுக்குச் சராசரியாக ஓர் இணைப்புக்கும் குறைவாக இருக்கும்வரை சிறுசிறு தீவுகள்தான். சராசரி ஒன்றைத் தாண்டியதும் மொத்தக் கணுக்களில் கணிசமான பங்கை உள்ளடக்கிய ஒரு பெருங்கூறு எழுகிறது. அந்த ‘ஒன்று’தான் மாறுநிலைப் புள்ளி.

1999-இல் இயற்பியலாளர்கள் பாராபாசியும் ரேகா ஆல்பெர்ட்டும் வேறொரு மாதிரியை முன்வைத்தார்கள். புதிதாக வரும் கணு, ஏற்கெனவே இணைப்பு மிகுந்த கணுவையே பெரும்பாலும் நாடும் என்றால், மிகச் சில மையக் கணுக்களும் ஏராளமான சிறு கணுக்களும் கொண்ட வலை உருவாகிறது. இணைப்புகளின் பரவல் அடுக்கு விதியைப் பின்பற்றுகிறது; அதாவது இணைப்பு எண்ணிக்கை கூடக்கூட, அத்தனை இணைப்புள்ள கணுக்கள் ஒரு நிலையான அடுக்கெண்படி குறைகின்றன. அந்த விதியின் அடுக்கெண் 2-க்கும் 3-க்கும் இடையில் இருந்தால் வியப்பான விளைவுகள் வருகின்றன. கண்மூடித்தனமாகக் கணுக்களை நீக்கினால், ஏறத்தாழ எல்லாவற்றையும் நீக்கும்வரை வலை சிதறுவதில்லை என்று 2000-இல் இயற்பியலாளர் ஹாவ்லினின் குழு காட்டியது. அதே ஆண்டில் ஆல்பெர்ட், ஜியோங், பாராபாசி மூவரும் மறுபக்கத்தைக் காட்டினார்கள். மையக் கணுக்களைக் குறிவைத்து வீழ்த்தினால், சிறு பங்கை நீக்கியதுமே வலை துண்டுதுண்டாகிவிடும்.

நோய்ப் பரவலில் இதன் பொருள் கனமானது. 2001-இல் பாஸ்தோர்-சதோராஸ், வெஸ்பிஞானி இருவரும் செய்த கணக்கின்படி, இத்தகைய எல்லையற்ற வலையில் தொற்றுக்கான வாசல் அளவே பூஜ்ஜியம். எவ்வளவு வீரியம் குறைந்த கிருமியும் அங்கே நிலைத்துவிடும். இதற்கு ஹாவ்லினும் அவரது சகாக்களும் 2003-இல் ஓர் எளிய தீர்வு சொன்னார்கள். யாரோ ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்லச் சொல்லி, அந்த இரண்டாம் நபருக்குத் தடுப்பூசி போட வேண்டும். பலரோடு பழகுபவரின் பெயரே அதிகம் சொல்லப்படும் என்பதால், வலையின் வரைபடம் கையில் இல்லாமலே மையங்களை எட்டிவிடலாம்.

இந்தத் துறை தன்னைத் திருத்திக்கொண்டும் வந்திருக்கிறது. இணைப்புகளைக் குறிப்பிட்ட விதியில் தேர்ந்து சேர்த்தால் பெருங்கூறு வெடிப்பது போல ஒரே தாவலில் எழும் என்று 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்த மாற்றம் மிகச் செங்குத்தானது, ஆனாலும் தொடர்ச்சியானதே என்று 2011-இல் ரியார்டனும் வார்ன்கேயும் நிறுவினார்கள். ஏறத்தாழ ஆயிரம் வலைகளைச் சோதித்த புரோய்டோ, கிளாசெட் இருவரும், கறாரான அடுக்கு விதி உண்மையில் அரிது என்று 2019-இல் எழுதினார்கள்.

இவற்றில் மிக முக்கியமானதாக நான் கருதுவது 2010-இல் புல்டிரெவ் குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. அது எடுத்துக்காட்டாகக் கொண்டது ஒரு மின்தடையை. 2003 செப்டம்பர் 28 அதிகாலையில் சுவிட்சர்லாந்தில் ஒரு மின்தடம் மரத்தால் பழுதாகித் துண்டிக்கப்பட்டது. அரை மணிக்குள் சார்டினியா தவிர இத்தாலி முழுவதும் இருளில் மூழ்கியது. மின்நிலையங்களை இயக்கத் தகவல் வலை வேண்டும். தகவல் வலை இயங்க மின்சாரம் வேண்டும். இப்படி ஒன்றையொன்று சார்ந்த இரு வலைகளில் சரிவு படிப்படியாக வருவதில்லை, மாறுநிலைப் புள்ளியில் ஒரேயடியாக நேர்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. தற்செயல் பழுதுகளிலிருந்து தனி வலையைக் காத்த ஏற்றத்தாழ்வான இணைப்புப் பரவல், இங்கே பலவீனமாகிறது. சார்பின் அளவைக் குறைத்தால் திடீர்ச் சரிவு மீண்டும் படிப்படியான மாற்றமாகும் என்பதும் அதே ஆண்டு தெரியவந்தது.

மின்சாரம், தொலைத்தொடர்பு, மருத்துவமனை, வங்கி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டே போகும் காலம் இது. கட்டமைப்பைத் திட்டமிடுவோர் ஒவ்வொரு நிலையத்தின் வலிமையையும் தனித்தனியாக அளப்பதோடு நிறுத்தக் கூடாது. எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற வரைபடத்தையும் வரைய வேண்டும். சில முக்கியக் கணுக்களாவது பிற வலைகளின் துணையின்றி இயங்கும்படி மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். இருபது ஆண்டுக்கும் மேலான இந்த ஆய்வுகளிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் இதுவே.