வாங்க என்று சொன்னால் மட்டும் போதுமா?

தமிழ் விக்கிப்பீடியாவில் புதுக் கணக்கு தொடங்கினால், உங்கள் பேச்சுப் பக்கத்தில் 'வாருங்கள்' என்று ஒரு வரவேற்பு வந்து விழும். சந்தேகம் கேட்க ஒத்தாசைப் பக்கம், எழுதிப் பழக மணல்தொட்டி, கூடிப் பேச ஆலமரத்தடி என்று வழியும் காட்டியிருக்கும். பெயர்களிலேயே ஒரு பரிவு இருக்கிறது. 2003இல் மயூரநாதன் தொடங்கி வைத்த காலத்திலிருந்தே இந்த இடத்துக்கு மரியாதையான பேச்சு ஒரு பழக்கம். இணையத்தில் தமிழர்கள் சண்டை போட்ட மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் சேலம், நாமக்கல் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று கூப்பிட்டுவிட்டு, திண்ணையில் உட்கார வைத்து, யாரும் பேசாமல் உள்ளே போய்விட்டால், கூப்பிடாமல் இருந்ததைவிட அது பெரிய அவமரியாதை. விக்கிப்பீடியாவின் சிக்கல் இந்தத் திண்ணையில்தான் இருக்கிறது.

2017ஐ எடுத்துக்கொள்வோம். தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய ஆண்டு அது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை வழியாக அரசுப்பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்டம் மாவட்டமாக விக்கிப் பயிற்சி நடந்தது. பெயருக்கு முன்னால் டிஎன்எஸ்இ, பின்னால் மாவட்டச் சுருக்கம் என்று புதுப் பயனர் கணக்குகள் வரிசையாக வந்தன. நல்ல முயற்சி, சந்தேகமே இல்லை. சொந்த ஊரைப் பற்றி எழுத ஊர்க்காரரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இப்படி வருகிற ஆசிரியர் ஒருவர் சங்ககிரிக் கோட்டையைப் பற்றி எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீரன் சின்னமலை 1805இல் அங்கே தூக்கிலிடப்பட்டார் என்பது அவருக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வரிக்குப் பக்கத்தில் யாரோ 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டுப் போகிறார். விதிப்படி அது சரி. ஆனால் அவர் காதில் அது 'நீ சொல்வதை நம்ப மாட்டேன்' என்றுதான் விழும். அவர் 'ஜூலை' என்று எழுதியதற்குப் பக்கத்தில் இன்னொருவர் 'யூலை' என்று சேர்த்திருப்பார். சேலத்துக்காரருக்கு அது எழுத்துப் பிழை, இலங்கைக்காரருக்கு அதுதான் சரி. ஒரே மொழிக்குள்ளேயே ஒருவருக்கொருவர் வெளியூர்க்காரர்கள். கிரந்த எழுத்துக்காக அங்கே நடந்த விவாதங்களைப் படித்தவர்களுக்கு இது புரியும்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. ஒட்டியவர் அன்று ராத்திரி இன்னும் எத்தனையோ கட்டுரைகளைப் பார்த்தாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் நாலு வரி விளக்கம் எழுத நேரம் இல்லாததால் வார்ப்புருவை ஒட்டினார். கனிவு என்பதை நாம் குணமாகவே பார்க்கிறோம். இங்கே அது முதலில் நேரக்கணக்கு. பத்துப் பேர் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு ஒரே நாளில் நூறு பேர் வந்தால், எவ்வளவு நல்லவர்களும் ராத்திரிக்குள் எரிந்து விழத்தான் செய்வார்கள்.

இது தமிழுக்கு மட்டும் வந்த வினை இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் தீவிரமாகத் தொகுப்பவர்கள் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுப் பிறகு சரிந்தது. ஆரன் ஹாஃபேக்கர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு காரணம் சொன்னது: விசமத் தொகுப்புகளைத் தடுக்கக் கட்டிய தானியங்கிகளும் கருவிகளும் நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்தே விரட்டின. வேலி பயிருக்காகப் போட்டதுதான், அதுவே பயிரை மேய்ந்தது.

அப்படியானால் கதவைச் சாத்திவிடலாமா? வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவே முன்பு ஒரு முறை வேறு வழி காட்டியிருக்கிறது. 2009 வாக்கில் கூகுள், கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவி மூலம் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் ஏற்றியது. இயந்திர வாடை அடிக்கும் வாக்கியங்கள், நமக்குச் சம்பந்தமில்லாத தலைப்புகள். வங்காள விக்கிப்பீடியா அவற்றை ஏற்க மறுத்தது. தமிழ் விக்கிப்பீடியர்கள் கூகுளோடு உட்கார்ந்து பேசினார்கள். தலைப்புத் தேர்வு, தரம், திருத்தம் என்று குறைகளை எடுத்துச் சொன்னார்கள். 2010இல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அந்த விமர்சனத்தை உலகத்தின் முன்னாலும் வைத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் கண்டிப்பு காட்டிய இடம். கூலிக்கு மொழிபெயர்த்தவரிடம் பாயவில்லை. அவரை அனுப்பிய நிறுவனத்திடம் பேசினார்கள். கண்டிப்பு அனுப்புகிறவரிடம், கனிவு வந்தவரிடம். வெளியாட்களுக்குத் திறந்திருக்கும் எந்தக் கூட்டத்துக்கும் இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை.

நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர். துறை பயிற்சி தருகிறதா, கல்லூரி போட்டி நடத்துகிறதா, அமைப்பாளருக்கு மேடையில் பொன்னாடை. எழுதியவர் பேச்சுப் பக்கத்தில் நீக்கல் அறிவிப்பு. ஒரு பயிற்சிக்கு எத்தனை பேர், வந்தவர்களுக்கு வழிகாட்ட எத்தனை பேர், முதல் கட்டுரை மணல்தொட்டியிலா நேராகப் பொதுவெளியிலா, அரசுத் தளத்திலிருந்து நகலெடுக்கக் கூடாது என்று யார் சொல்லிக் கொடுப்பது? இதெல்லாம் கதவு திறப்பதற்கு முன்னால் அமைப்பாளரிடம் கறாராகக் கேட்க வேண்டியவை. இங்கே முகத்தாட்சண்யம் பார்த்தால், அதன் விலையைப் பின்னால் அந்த ஆசிரியர்தான் கொடுப்பார்.

கேட்டும் கூட்டம் வந்துவிட்டதா? அப்போது நீக்கும் வேகத்தைக் குறைப்பதில் தப்பே இல்லை. அவதூறு, நகல், விசமம் மூன்றையும் உடனே எடுத்துவிடலாம். மற்றவை ஒரு வாரம் காத்திருந்தால் குடி முழுகிவிடாது. அந்த ஒரு வாரத்தில் சங்ககிரிக் கட்டுரைக்காரரிடம், 'ஊருக்கே தெரியும்ங்க, ஆனா வெளியூர்க்காரன் படிக்கிறானே, ஒரு புத்தகத்துல காட்டுவமா?' என்று ஒருவர் கேட்டால் போதும். சான்றும் கிடைக்கும், அடுத்த கட்டுரைக்கு ஆளும் இருப்பார்.