பக்கவாட்டு இளவரசன்

பென்னாகரத்தில் கேம் பாய் வைத்திருந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பெங்களூரிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் கையில் எப்போதாவது ஒரு பிஎஸ்பி தென்படும். தொட்டுப் பார்க்க விடமாட்டார்கள். எங்களுக்குக் கையில் வைத்து ஆடும் கருவி என்றால் நோக்கியா பட்டன் போன்தான். செல் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் இளையராஜா பாட்டோடு நாலைந்து ஜாவா கேமும் ஏற்றித் தருவார்கள். அதன் பிறகு ப்ளூடூத்தில் அது தெரு தெருவாகப் போகும். காசு கொடுத்து வாங்கினேன் என்று எங்களில் யாரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. அப்படிப் பரவியவற்றில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ வரிசையை மட்டும் இன்னும் விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். ரசிக்க அதில் நிறைய இருக்கிறது.

இதன் மூல ஆட்டம் 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக ஜோர்டன் மெக்னர் செய்தது. தன் தம்பி டேவிட்டை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, ஒவ்வொரு சட்டகமாக அதை வரைந்து எடுத்தார். வாள் சண்டைக்கு எரோல் ஃப்ளின் நடித்த 1938ஆம் வருடத்து ராபின் ஹுட் படம் உதவியது. இசை அவருடைய அப்பா. இவ்வளவுக்கும் பலன் என்ன என்றால், அந்த இளவரசனுக்கு எடை இருந்தது. ஓடத் தொடங்கினால் சட்டென்று நிற்கமாட்டான். சறுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்பான். பள்ளத்தைத் தாண்ட எங்கிருந்து ஓடி வர வேண்டும் என்று அடி அளக்க வேண்டும். தவறினால் விளிம்பில் விரல் நுனியால் தொங்குவான். அந்தக் காலத்து மற்ற ஆட்டங்களின் நாயகர்கள் ரப்பர் பந்துகள். எலும்பும் சதையுமாக இவன் ஒருவன்தான்.

இன்னொன்றும் உண்டு. எதிரிகளுக்கென்று தனியாக உருவம் வரைந்து சேர்க்க மெக்னரிடம் முதலில் நினைவகம் மிச்சமில்லை. அதனால் இளவரசனின் படத்தையே கணக்கில் கொஞ்சம் புரட்டி, அவனுடைய நிழலை ஒரு பாத்திரமாக்கினார். கண்ணாடியிலிருந்து பிய்ந்து வரும் அந்த நிழலை வெட்டினால் வெட்டியவனுக்கே அடி விழும். வாளை உறையில் போட்டுவிட்டு அதற்குள் பாய்ந்தால்தான் ஒன்றாகலாம். இடம் போதாமல் பிறந்த கற்பனை இது. இதற்குப் பின் சிறிய கருவிகளுக்கு வந்த இளவரசர்களை எடை போட என்னிடம் உள்ள படிக்கல்லும் இதுதான்: இடம் குறைந்தபோது எதை விட்டார்கள், எதைக் கையில் பிடித்துக்கொண்டார்கள்?

1992இல் கேம் பாய்க்கு வந்த பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். திரை 160க்கு 144 புள்ளி, நான்கே சாயல். பாரசீகக் கம்பளத்தின் சிவப்பு, தீப்பந்தத்தின் மஞ்சள் எல்லாம் போய்விட்டன. ஆனால் ஓட்டமும் சறுக்கலும் தொங்கலும் அப்படியே இருந்தன. வண்ணம் போனதால் குறையே தெரியவில்லை. அவன் பக்கவாட்டில் நின்றதுதான் காரணம். தோல்பாவைக் கூத்தில் பெரும்பாலான பாவைகள் பக்கமுகமாகத்தான் வெட்டப்பட்டிருக்கும். ஒரு வேட்டி அகலத் திரையில் யார் எந்தப் பக்கம் போகிறான், கை எங்கே நீள்கிறது என்பது கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமே. உள்ளங்கை அகலத் திரைக்கும் அதே சட்டம்தான்.

2003இல் உபிசாஃப்ட் மாண்ட்ரியால் இளவரசனை முப்பரிமாணத்துக்குக் கூட்டிப்போனது. ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கதை நம் நாட்டில்தான் தொடங்குகிறது: ஒரு மகாராஜாவின் அரண்மனையைப் பாரசீகப் படை சூறையாடுகிறது. கதாநாயகி ஃபாரா அந்த மகாராஜாவின் மகள். சிறை பிடித்த படையின் இளவரசனோடே அவள் கூட்டுச் சேர வேண்டிய நிலை. அதே ஆண்டு கேம் பாய் அட்வான்ஸுக்கு ஒன்று வந்தது. பக்கவாட்டு ஆட்டம், ஃபாராவாகவும் ஆடலாம். நல்ல வேலை, ஆனால் வழிகள் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் அலுக்கும். போனுக்குச் செய்து கொடுத்தது கேம்லாஃப்ட். உபிசாஃப்ட்டை நிறுவிய கியேமோ சகோதரர்களில் ஒருவரான மிஷெல் 1999இல் தொடங்கிய கம்பெனி அது.

அந்தக் காலத்து நோக்கியா சீரிஸ் 40 போன்களில் ஓர் ஆட்டத்தின் கோப்பு 64 கேபிக்குள் அடங்க வேண்டும். இன்று கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே அதைவிடப் பெரிதாக இருக்கிறது. அதற்குள் ஓர் அரண்மனை, ஒரு கத்தி, மணல் பூதங்கள். பெரிய ஆட்டத்திலிருந்து அவர்கள் கைவிடாமல் எடுத்துக்கொண்டது சுவர் ஓட்டத்தை. பின்சுவரில் ஏறி நாலு அடி கிடைமட்டமாக ஓடி அந்தப் பக்கம் இறங்குவான். எண் பட்டன்களில் இதைச் செய்யும்போது கட்டைவிரலுக்கு ஒரு தாளம் கிடைக்கும். அழுத்தம், விடுப்பு, அழுத்தம். கண்ணாடித் திரையில் அந்தத் தாளம் இல்லை, எவ்வளவு தேடினாலும்.

ஒவ்வொரு ஆட்டத்தையும் நூற்றுக்கணக்கான போன் மாடல்களுக்குத் தனித்தனியாகத் தைத்துக் கொடுத்தார்கள். ப்ளூடூத்துக்கு அது தெரியுமா? 128க்கு 160 அளவுக்குத் தைத்ததை 240க்கு 320 திரையில் போட்டால் இளவரசன் மேல் மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிக் கிடப்பான். மாற்றிப் போட்டால் கால் வெட்டுப்பட்டுப் போகும், பள்ளம் எங்கே என்று ஊகித்துத்தான் குதிக்க வேண்டும். ஒகேனக்கல் பஸ்ஸில் மலைப்பாதை வளைவுகளில் வெயில் திரையில் அடிக்க அடிக்க நான் ஆடியது அந்தக் கால் வெட்டிய பதிப்பைத்தான். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடியது. போன் நம் பக்கத்தில் செய்தது, ஆட்டம் பிரெஞ்சுக்காரன் கம்பெனியுடையது, கொள்ளை போனது நம் மகாராஜா வீடு. இதில் யார் யாருக்குப் படியளந்தது என்று யோசித்தால் சிரிப்பு வரும்.

2004இல் வந்த ‘வாரியர் விதின்’ பற்றித்தான் எனக்குச் சண்டை போடத் தோன்றும். பெரிய ஆட்டத்தில் இளவரசனுக்கு முறைப்பும் சாபமும் கூடிவிட்டன, பின்னணியில் ஹெவி மெட்டல் கிடார் அலறியது. அந்தப் போக்கு தனக்குப் பிடிக்கவில்லை என்று மெக்னரே சொல்லிவிட்டார். 2005இல் அதை ‘ரெவலேஷன்ஸ்’ என்ற பெயரில், கூடுதல் கட்டங்களும் சேர்த்து, பிஎஸ்பிக்கு அப்படியே இறக்கினார்கள். பிஎஸ்பியின் வட்டில் 1.8 ஜிபி இடம், திரையும் அகலம். இருந்தும் அது மூச்சு வாங்கியது. பிஎஸ்பிக்கு ஒரே ஒரு குமிழ்தான். ஓடுவதற்கு அதைக் கொடுத்துவிட்டால் காமிராவைத் திருப்ப வசதியான வழி இல்லை. எங்கே குதிக்கிறோம் என்று தெரியாமல் குதிப்பதுதான் இந்த வரிசைக்கு நேரக்கூடிய பெரிய அவமானம். கதவுக்குக் கதவு லோடிங் வேறு.

போன் பதிப்பிலோ கிடார் அலறலுக்கு இடமில்லை, முறைப்பைக் காட்ட முகத்தில் புள்ளிகள் இல்லை. மிஞ்சியது இரண்டு வாளும் தஹாகாவும். விதியை ஏமாற்றியவனைத் துரத்தும் கருத்த பிராணி அது. அது துரத்தும்போது எதிர்த்து நிற்க முடியாது, ஓடத்தான் முடியும். பக்கவாட்டுத் திரையில் துரத்தல் என்பது எவ்வளவு சுத்தமான வடிவம்! பின்னால் இருட்டு, முன்னால் முள், நடுவில் ஒரு கட்டைவிரல். பெரிய ஆட்டம் மணிக்கணக்கில் சொல்லப் பார்த்த பயத்தை இந்தச் சின்னது சில நொடிகளில் சொல்லிவிடுகிறது. மூலத்தைவிடச் சுருக்கம் உசத்தி என்று நான் சொன்னால் ரசிகர்கள் சிலர் அடிக்க வருவார்கள். வரட்டும்.

அடுத்த ஆண்டின் ‘தி டூ த்ரோன்ஸ்’ இன்னும் நுணுக்கம். இளவரசனுக்குள் கறுத்த இன்னொருவன் குடியேறுகிறான். கையில் சங்கிலி, உடம்பில் உயிர் வடிந்துகொண்டே இருக்கும். 1989இன் நிழல் பதினாறு வருடம் கழித்து வெளியிலிருந்து உள்ளே புகுந்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது. போனில் இருவரையும் உருவக்கோட்டை வைத்தே பிரித்துவிடலாம். பிஎஸ்பிக்கு இது 2007இல் ‘ரைவல் ஸ்வார்ட்ஸ்’ ஆக வந்தது. முந்தையதன் நோய்கள் இதற்கும் ஓரளவு தொற்றியிருந்தன.

2008இன் ஆட்டத்தில் எலிகா என்ற துணைவி வந்தாள். இளவரசன் எங்கே விழுந்தாலும் கைப்பிடித்துத் தூக்கிவிடுவாள். படம் அழகு, நட்பும் அழகு. ஆனால் விழுந்தால் வலிக்காத இளவரசனுக்கு எடை ஏது? அதே நேரம் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்த ‘தி ஃபாலன் கிங்’கில் முழு ஆட்டமும் எழுத்தாணியால்தான். அங்கே தொட்டால் அங்கே போவான். இளவரசனை நாம் ஓட்டவில்லை, ஏவல் ஆளாக அனுப்புகிறோம். 2010இன் ‘தி ஃபர்காட்டன் சாண்ட்ஸ்’ பெரிய கருவிகள் பலவற்றுக்கு ஒன்றாகவும், பிஎஸ்பிக்கும் டிஎஸ்ஸுக்கும் வேறு வேறு ஆட்டங்களாகவும் வந்தது. அந்தமுறை பிஎஸ்பிக்கு இளவரசனைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார்கள். புத்தி வந்தது, கருவிக்கு வயதாகிவிட்டது.

2008இல் கேம்லாஃப்ட்டிடமிருந்து புனே ஸ்டுடியோவை உபிசாஃப்ட் வாங்கியது. 2020இல் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ மறு உருவாக்கத்தை அறிவித்தபோது அந்த புனே ஸ்டுடியோவும் மும்பை ஸ்டுடியோவும்தான் பொறுப்பு. முன்னோட்டத்தைப் பார்த்து உலகமே கேலி பேசியது; 2022இல் வேலை மாண்ட்ரியாலுக்குப் போய்விட்டது. கேலி பேசியதில் பாதி நியாயம்தான். மீதிப் பாதி எங்கே செய்தார்கள் என்பதைப் பார்த்து வந்தது என்று எனக்குச் சந்தேகம்.

2024 ஜனவரியில், உபிசாஃப்ட்டின் மான்பெலியே ஸ்டுடியோ ‘தி லாஸ்ட் கிரவுன்’ கொண்டுவந்தது. நாயகன் இளவரசனே இல்லை, சர்கோன் என்ற போர்வீரன்; கடத்தப்பட்ட இளவரசனைத் தேடி காஃப் மலைக்குப் போகிறவன். ஆட்டம் முழுக்கப் பக்கவாட்டு. பாரசீக மொழியிலேயே வசனம் கேட்கலாம். நின்டெண்டோ ஸ்விட்ச்சைக் கையில் வைத்து ஆடும்போது, ஒரு முள்வரிசைக்கும் அடுத்ததற்கும் இடையில் காற்றிலேயே மூன்று முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றும் விரலில் தெளிவாக இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வந்தது. போனில் ஆடுவதானால் தனியாக ஒரு கன்ட்ரோலர் மாட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் வரைந்த பட்டனில் ஆடினால் சர்கோன் உங்கள் கட்டைவிரலுக்கு அடியில்தான் சாவான்.

பழைய ஜாவா ஆட்டங்களை ஆண்ட்ராய்டில் ஓட்ட ஜே2எம்இ லோடர் என்ற செயலி இருக்கிறது. ஒன்றை மட்டும் ஆடிப் பார்க்க நேரமிருந்தால் ‘வாரியர் விதின்’ போடுங்கள், 240க்கு 320 பதிப்பு. ஒலியைக் குறைத்துவிடலாம், அந்த பீப் சத்தத்தில் ஒன்றுமில்லை. தஹாகா முதலில் வரும் இடத்தில் திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள்.