அமெரிக்க மருத்துவம் வந்த வழி
பால் ஸ்டார் நூல்: ஒரு திறனாய்வு

அறிவியல் வளர்ந்தால் மருத்துவ வசதி தானாகவே எல்லாருக்கும் வந்து சேரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இந்த எண்ணம் சரிதானா என்று பார்க்க அமெரிக்க ஐக்கிய நாடுகளைவிடச் சிறந்த சோதனைச் சாலை கிடையாது. போலியோத் தடுப்பூசியை உலகுக்கு அளித்த நாடு அது. மருத்துவத்துக்கு உலகிலேயே மிக அதிகமாகச் செலவிடும் நாடும் அதுவே. 2023ஆம் ஆண்டில் அந்நாடு இதற்குச் செலவிட்ட தொகை 4.9 இலட்சம் கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் இது 17.6 விழுக்காடு, தலைக்கு 14,570 டாலர். பிற செல்வ நாடுகள் சராசரியாக இதில் பாதியளவே செலவிடுகின்றன.

பயன் என்ன? அதே 2023இல் அமெரிக்கரின் சராசரி ஆயுள் 78.4 ஆண்டுகள், ஜப்பானியரின் ஆயுளோ ஏறத்தாழ 84. துப்பாக்கிச் சாவுகள், போதை மருந்துச் சாவுகள், சாலை விபத்துகள் ஆகியவையும் அமெரிக்கரின் ஆயுளைக் குறைக்கின்றன. ஆகவே பழி முழுவதையும் மருத்துவத்தின்மீது சுமத்துவது முறையன்று. ஆனால் அவ்வாண்டில் சுமார் 2.6 கோடிப் பேர் எந்த மருத்துவக் காப்பீடும் இல்லாமல் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாக்குச் சொல்ல முடியாது.

இத்தனை அறிவும் இத்தனை பணமும் இருந்தும் ஏன் இந்த நிலை? இக்கேள்விக்கு விடை தேடுவோர் முதலில் கையில் எடுக்கும் நூல், சமூகவியலாளர் பால் ஸ்டார் 1982இல் வெளியிட்ட ‘அமெரிக்க மருத்துவத்தின் சமூக மாற்றம்’ என்னும் பெருநூல். 1984இல் புலிட்சர் பரிசு பெற்ற இந்நூல் 2017இல் புதிய பின்னுரையுடன் மறுபதிப்பாக வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்கள் படித்துவரும் இந்நூல் எதை விளக்குகிறது, எதை விளக்காமல் விடுகிறது என்று பார்ப்போம்.

மருத்துவரின் அதிகாரம்

நூலின் முதற்பகுதி மருத்துவத் தொழிலின் எழுச்சியைக் கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் மருத்துவர் என்றால் பெரிய மதிப்பு எதுவும் இல்லை. வீட்டு வைத்தியம், மூலிகை வைத்தியம், ஹோமியோபதி எனப் பல முறைகள் போட்டியிட்டன. மருத்துவர்கள் பலரின் வருவாய் குறைவாகவே இருந்தது. ஒரே நூற்றாண்டுக்குள் அவர்கள் நாட்டிலேயே மிகுந்த வருவாயும் செல்வாக்கும் உடைய தொழிலினர் ஆனது எப்படி?

ஸ்டார் கூறும் காரணங்களில் சில, அறிவியல் மாணவர்களுக்குச் சுவையானவை. குதிரையில் ஏறி நோயாளி வீட்டுக்குப் போன காலத்தில் மருத்துவர் கேட்ட வழிக்கூலி, தொலைவு கூடக்கூட, வைத்தியக் கூலியைப்போலப் பல மடங்காகிவிடும். ஆகவே கடும் நோய் என்றால்தான் மருத்துவருக்கு ஆள் அனுப்பினார்கள். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வந்து இந்த வழிக்கூலியைக் குறைத்தன. ஒரு நாளில் மருத்துவர் பார்க்கும் நோயாளிகளின் தொகை பெருகியது. மருந்தில் மாற்றம் ஏதும் இல்லாமலே மருத்துவத்தின் விலை இறங்கியது!

கருவிகளின் பங்கும் பெரிது. முன்பெல்லாம் நோயாளி தன் உடலைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இதயத் துடிப்பை நேரே கேட்க உதவும் ஸ்டெதஸ்கோப்பும், 1895இல் ரான்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிரும் வந்தபின், நோயாளி அறியாத ஒன்றை மருத்துவர் அறிந்துகொண்டார். அறிவு ஒரு பக்கம் குவிந்தது. அதனுடன் அதிகாரமும் குவிந்தது.

ஆனால் அறிவியல் மட்டுமே இந்த அதிகாரத்தைத் தந்துவிடவில்லை என்பதே ஸ்டாரின் முக்கியமான வாதம். 1847இல் தோன்றிய அமெரிக்க மருத்துவச் சங்கம் உரிமச் சட்டங்களுக்காகப் போராடியது. தரமற்ற மருத்துவக் கல்லூரிகளை மூட வைத்தது. ஆப்ரகாம் பிளெக்ஸ்னரின் 1910ஆம் ஆண்டு அறிக்கை, முன்பே தொடங்கிவிட்ட இவ்வேலையை விரைவுபடுத்தியது. 1906இல் 162ஆக இருந்த மருத்துவக் கல்லூரிகள் 1922இல் 81 ஆயின. கல்வித் தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு கல்லூரிகளில் இரண்டே எஞ்சின என்பதும் உண்மை. மருத்துவர்கள் குறைந்தார்கள், கட்டணம் உயர்ந்தது. ஒரே சீர்திருத்தம் நன்மையையும் தீமையையும் ஒருங்கே செய்யக்கூடும் என்பதை ஆசிரியர் எந்தப் பக்கமும் சாயாமல் காட்டுகிறார்.

காப்பீடு பிறந்த கதை

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இலேயே தொழிலாளருக்குக் கட்டாய நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் 1915ஐ ஒட்டி இதற்கென எழுந்த இயக்கம் சில ஆண்டுகளில் தோற்றது. அரசு செய்யாததை ஒரு மருத்துவமனை செய்தது. 1929இல் டெக்சாஸ் மாநில டல்லஸ் நகரில் பெய்லர் பல்கலைக்கழக மருத்துவமனை, சுமார் 1,500 பள்ளி ஆசிரியர்களுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆளுக்கு ஆண்டுக்கு 6 டாலர் கட்டினால் 21 நாள் வரை மருத்துவமனைச் சிகிச்சை. இதுவே பின்னாளில் ‘புளூ கிராஸ்’ என்று பெயர் பெற்ற காப்பீட்டின் வித்து.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் காப்பீட்டை அமைத்தது மருத்துவமனை. நோக்கம், தன் வருவாய்க்கு உறுதி தேடுவது. பொருளாதார மந்தம் நாட்டைப் பிடித்தபோது மற்ற மருத்துவமனைகளும் இதே வழியைப் பின்பற்றின. பணம் வாங்குகிறவரே பணம் திரட்டும் ஏற்பாட்டையும் வகுத்துக்கொண்டால், விலையைக் கட்டுப்படுத்த எவருக்கு அக்கறை இருக்கும்?

அடுத்து உலகப் போர் வந்தது. 1942இல் அரசு கூலி உயர்வுக்குத் தடை போட்டது. ஆனால் காப்பீடு முதலிய சலுகைகளுக்கு விலக்கு அளித்தது. கூலியைக் கூட்ட முடியாத முதலாளிகள் காப்பீட்டைக் காட்டித் தொழிலாளரை ஈர்த்தார்கள். 1954ஆம் ஆண்டு வரிச் சட்டம், முதலாளி கட்டும் காப்பீட்டுத் தொகைக்கு வருமான வரி இல்லை என்பதை உறுதி செய்தது. இப்படித்தான் ஒருவரின் மருத்துவம் அவருடைய வேலையோடு முடிச்சுப் போடப்பட்டது. வேலை போனால் மருத்துவமும் போகும் என்ற நிலை உருவானது.

எல்லாருக்கும் காப்பீடு வேண்டும் என்று 1945இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் முன்வைத்த திட்டத்தை மருத்துவச் சங்கம் ‘சமதர்ம மருத்துவம்’ என்று தூற்றித் தோற்கடித்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1965இல் ஜான்சன் காலத்தில், முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்டு என இரு திட்டங்கள் பிறந்தன. ஆனால் மருத்துவமனைகளின் ஒத்துழைப்பைப் பெறுவதற்காக, அவற்றுக்கு ஆகும் செலவை அப்படியே ஈடுகட்டுவதாக அரசு ஒப்புக்கொண்டது. செலவிடச் செலவிட வருவாய் கூடும் என்றால் எவர் சிக்கனம் பார்ப்பார்?

இயற்பியல் படித்தவர்களுக்குக் காந்தத் தயக்கம் நினைவுக்கு வரலாம். இரும்புத் துண்டைக் காந்தப் புலத்தில் வைத்துப் புலத்தை நீக்கினாலும் காந்தத் தன்மை முழுதும் நீங்குவதில்லை. இரும்பின் இன்றைய நிலையை இன்றைய புலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது கடந்து வந்த புலங்களும் தீர்மானிக்கின்றன. போர்க்காலக் கூலித் தடை என்றோ நீங்கிவிட்டது. அது உண்டாக்கிய ஏற்பாடு எண்பது ஆண்டுகளாக நீங்கவில்லை. இந்த உண்மையைச் சான்றுகளோடு நிலைநாட்டியதே ஸ்டார் நூலின் தலையாய சிறப்பு.

இன்றைய அமைப்பு

அந்த வரலாற்றின் எச்சமாக இன்று ஒரே நாட்டில் பல மருத்துவ உலகங்கள் அருகருகே உள்ளன. 15 கோடிக்கும் அதிகமானோர் வேலை வழியாகத் தனியார் காப்பீடு பெறுகிறார்கள். 65 வயது கடந்தோருக்கு மெடிகேர். இதற்குச் சம்பளத்தில் பிடிக்கும் வரி, பொது வருவாய், முதியோர் கட்டும் சந்தா ஆகியவற்றிலிருந்து பணம் வருகிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டின் செலவை மத்திய அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. முன்னாள் படைவீரருக்கு அரசே மருத்துவமனைகள் நடத்துகிறது. 2023ஆம் ஆண்டுச் செலவில் தனியார் காப்பீட்டின் பங்கு 30 விழுக்காடு, மெடிகேர் 21, மெடிக்கெய்டு 18. மக்கள் நேரே கைப்பணமாகக் கொடுத்தது 10 விழுக்காடு.

எதிலும் சேராதவர்களுக்கு என்ன வழி? அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என 1986ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் பிறகு பில் வரும்! கடன் நிறுவனங்களின் பதிவேடுகளில் ஏறியிருந்த மருத்துவக் கடன் மட்டும் 8,800 கோடி டாலர் என்று 2022இல் அரசு அமைப்பொன்று கணக்கிட்டது. 2010ஆம் ஆண்டு ஒபாமா காலச் சட்டம் காப்பீடு இல்லாதோர் தொகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆயினும் மெடிக்கெய்டை விரிவுபடுத்துவது மாநிலங்களின் விருப்பம் என 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 வரையிலும் பத்து மாநிலங்கள் அதை ஏற்கவில்லை.

நூலின் குறை

நூலின் கடைசி அத்தியாயத்தில் ஸ்டார் ஒரு முன்னறிவிப்புச் செய்தார்: அரசுக்கு அடங்க மறுத்த மருத்துவர்கள் பெருநிறுவனங்களுக்கு அடங்க நேரிடும் என்றார். அது பலித்துவிட்டது. மருத்துவர்களுக்கே சொந்தமான மருத்துவ இடங்களில் பணியாற்றுவோர் 2020இல் பாதிக்கும் கீழே இறங்கியதை மருத்துவச் சங்கத்தின் கணக்கெடுப்பே காட்டுகிறது. ஆனால் அந்த நிறுவனம் எது என்பதில் அவர் கணிப்பு ஓரளவே சரி. லாப நோக்குள்ள மருத்துவமனைச் சங்கிலிகள் நாட்டை விழுங்கும் என்ற அச்சம் அன்று பரவலாக இருந்தது. இன்றும் எண்ணிக்கையில் முதலிடம் லாப நோக்கற்ற மருத்துவமனைகளுக்கே. அவையும் ஒன்றோடொன்று இணைந்து பேருருவம் எடுத்துப் பேரம் பேசுகின்றன. காப்பீடு, மருந்துக்கடை, மருத்துவகம் மூன்றும் ஒரே முதலாளியிடம் சேர்வதையும் காண்கிறோம். மருந்துக்கடைச் சங்கிலியான சிவிஎஸ், ஏட்னா என்னும் காப்பீட்டு நிறுவனத்தை 2018இல் வாங்கியது ஓர் எடுத்துக்காட்டு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நூல் அதிகாரத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. விலையைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. 1980ஐ ஒட்டி அமெரிக்கா உற்பத்தியில் சுமார் 9 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிட்டது. சில ஐரோப்பிய நாடுகள் அதற்கு வெகு அருகில் இருந்தன. பெரும் இடைவெளி தோன்றியது நூல் வெளிவந்த பிறகே. எனவே இன்றைய வாசகரை உறுத்தும் கேள்விக்கு நூலில் முழு விடை இல்லை.

அந்த விடையை ஆண்டர்சன், ரைன்ஹார்ட் முதலியோர் 2003இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை தருகிறது. அமெரிக்கர் மற்ற நாட்டினரைவிட அதிக முறை மருத்துவரிடம் போவதில்லை. அதிக நாள் மருத்துவமனையில் படுப்பதும் இல்லை. அதே சிகிச்சைக்கு அதிக விலை கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இன்சுலினைப் பாருங்கள். அதைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் காப்புரிமையைத் தொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். பின்னர் உருவாக்கப்பட்ட ஹுமலாக் என்ற இன்சுலின், 1996இல் அறிமுகமானபோது குப்பி சுமார் 21 டாலர். 2019க்குள் அதன் பட்டியல் விலை ஏறத்தாழ 275 டாலர் ஆயிற்று. மூலக்கூறு ஒன்றே, மாறியது விலை. மருந்தை மிச்சம் பிடித்துப் போட்டுக்கொண்ட நீரிழிவு நோயாளிகள் அந்நாட்டில் இருந்தார்கள் என்பது பெரும் கொடுமை. எதிர்ப்பு வலுத்தபின் மெடிகேர் நோயாளிக்கு மாதம் 35 டாலர் என்ற உச்சவரம்பு 2023இல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனமும் விலையைக் குறைத்தது. எனவே விலை இயற்கை நியதி அன்று. மனிதர் வைப்பது, மனிதரால் மாற்றக்கூடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1993இல் கிளின்டன் அரசின் மருத்துவச் சீர்திருத்தத் திட்டத்துக்கு ஸ்டாரே ஆலோசகராக இருந்தார். அத்திட்டம் 1994இல் நிறைவேறாமல் கைவிடப்பட்டது. நல்ல காப்பீடு பெற்றிருந்தோர் உள்ளதை இழப்போமோ என்று அஞ்சியது அதற்கு ஒரு காரணம். ஏற்பாடு யாரைக் காக்கிறதோ அவர்களே அதற்குக் காவலாகிவிடுகிறார்கள். இந்தப் பொறியை 2011இல் எழுதிய வேறொரு நூலில்தான் அவர் விரிவாக விளக்கினார். முதல் நூலைப் படிப்போர் அதையும் சேர்த்துப் படிப்பது நலம்.

முடிவாக

குறைகள் இருப்பினும் இது படிக்க வேண்டிய நூலே. பொருளாதாரம் படிப்போர் மட்டுமல்ல, மருத்துவம் படிக்கப்போகும் மாணவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாடநூல் சொல்லும். அது யாருடைய கையில் என்ன அதிகாரத்தைத் தந்தது என்பதை இந்நூல் சொல்கிறது. புதிய மருந்தையும் புதிய கருவியையும் ஆய்வுக்கூடம் தரும். அவை ஏழையின் படுக்கையருகே வந்து சேருமா என்பது, பணம் யார் கொடுக்கிறார், விலையை யார் வைக்கிறார் என்ற இரு கேள்விகளில் இருக்கிறது. முதற் கேள்விக்கு ஸ்டார் நிறைவான விடை தந்திருக்கிறார். இரண்டாம் கேள்வியோடு நூலை மூடும் வாசகர், தேடலைத் தொடர்ந்தாக வேண்டும்.