மணிக்கூண்டுக்குச் சாவி கொடுப்பது யார்?

பழைய கட்டடங்களைப் புதுப்பித்து ஆடம்பர அடுக்குமாடி வீடுகளாக மாற்றுவது பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முன்பு எப்படிப் பாழடைந்து கிடந்தது, இப்போது எப்படிப் பளபளக்கிறது என்று இரண்டு படம். நடுவில் சதுர அடி, விலை, சமையலறைப் பளிங்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற விவரம். பாரம்பரியம் காப்பாற்றப்பட்டது, சுபம். இந்த மாதிரிப் புதுப்பித்தல்களில் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் எடுத்துக்கொண்டது நியூயார்க் நகரத்தில் இருக்கும் ஒரு மணிக்கூண்டு.

மன்ஹாட்டனின் தென்பகுதியில், பிராட்வே 346 என்ற முகவரியில் நீளமான வெள்ளைப் பளிங்குக் கட்டடம் ஒன்று இருக்கிறது. நியூயார்க் லைஃப் இன்சூரன்ஸ் நிறுவனம் தன் தலைமை அலுவலகமாக 1890களில் கட்டியது. வேலையைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் ஸ்டீபன் டெகட்டர் ஹாட்ச் 1894ல் இறந்துவிட, அந்தக் காலத்தின் பெரிய பெயரான மெக்கிம், மீட் அண்ட் வைட் நிறுவனம் முடித்துக் கொடுத்தது. பிராட்வே பக்கம் கூரைக்கு மேல் ஒரு கோபுரம். அதில் நாலு பக்கமும் தெரியும் கடிகாரம். பாஸ்டனைச் சேர்ந்த ஈ. ஹோவர்ட் நிறுவனம் செய்தது.

இந்தக் கடிகாரத்தின் விசேஷம், அது முழுக்க இயந்திரக் கடிகாரம் என்பதுதான். கயிற்றில் தொங்கும் கனமான எடைகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அந்த இழுவிசையில் பற்சக்கரங்கள் சுழலும். ஊசல் அந்த வேகத்தை அளந்து விடும். எடை அடிக்கு வந்துவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். அதனால் வாரம் ஒரு முறை யாராவது ஏறிப் போய், கைப்பிடியைச் சுற்றி எடைகளை மேலே ஏற்றியாக வேண்டும். தமிழில் இதை அழகாகச் 'சாவி கொடுப்பது' என்போம். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1960களில் இந்தக் கட்டடம் நகர நிர்வாகத்தின் கைக்கு வந்தது. உள்ளே நீதிமன்றமும் அரசு அலுவலகங்களும் இயங்கின. மேலே இருந்த கடிகாரத்தை யாரும் கவனிக்கவில்லை, நின்றுபோனது. 1970களின் கடைசியில் நகர நிர்வாகத்தில் வேலை பார்த்த மார்வின் ஷ்னைடர், எரிக் ரைனர் என்ற இருவர், "இதை நாங்களே ஓட வைக்கிறோம்" என்று இறங்கினார்கள். சொந்த நேரத்தில் மேலே ஏறி, துருவையும் புறா எச்சத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து, மறுபடியும் மணி அடிக்க வைத்தார்கள். பிறகு நகர நிர்வாகம் ஷ்னைடருக்கு நகரத்தின் கடிகார அதிகாரி என்று ஒரு பதவியே கொடுத்தது. அவர் சாவி கொடுக்கப் போகும்போது பார்வையாளர்களையும் மேலே கூட்டிக்கொண்டு போய் இயந்திரத்தைக் காட்டுவார். அதே கட்டடத்தின் மேல் பகுதியில், அலானா ஹைஸ் 1972ல் தொடங்கிய 'க்ளாக்டவர்' கலைக்கூடம் 2013 வரை இருந்தது. அதாவது, அரசாங்கக் கட்டடத்தின் உச்சியில் கண்காட்சிக்கும் கடிகாரத்துக்குமாகச் சாதாரண ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

1987ல் நகரத்தின் பாரம்பரியச் சின்னங்கள் ஆணையம் கட்டடத்தின் வெளிப்புறத்தையும், சில உட்புறங்களையும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்தது. அந்த உட்புறங்களில் கடிகார அறையும் ஒன்று. இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கணும். 1963ல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடித்தது பெரிய அதிர்ச்சியாகி, 1965ல் நியூயார்க் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் வெளிப்புறத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. 1973ல் உட்புறங்களையும் சேர்த்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனையோடு: பொதுமக்கள் வழக்கமாகப் போய்வரும் உட்புறமாக அது இருக்கணும். தனியார் வீட்டுக் கூடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதில் சேராது. நியாயமான நிபந்தனை. ஒருத்தர் வீட்டுக்குள் போய் அரசாங்கம் சட்டம் பேசக் கூடாது, இல்லையா?

2013 கடைசியில் நகர நிர்வாகம் இந்தக் கட்டடத்தை 16 கோடி டாலருக்கு இரண்டு மனை வணிக நிறுவனங்களுக்கு விற்றது. அவர்களுடைய திட்டம், முழுவதையும் ஆடம்பர வீடுகளாக்குவது. முகவரியும் மாறியது, இப்போது அது லெனார்ட் தெரு 108. உச்சியில் இருக்கும் கடிகார அறையை ஒரு பல மாடி பென்ட்ஹவுஸ் வீட்டின் பகுதியாக்கலாம், கடிகார இயந்திரத்தின் இணைப்பை விலக்கிவிட்டு முட்களை மின்சாரத்தில் ஓட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். 2014ல் ஆணையம் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. பாரம்பரிய ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். முதல் இரண்டு நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னன. 2019ல் மாநிலத்தின் உச்ச அமர்வான மேல்முறையீட்டு நீதிமன்றம், 4க்கு 2 என்ற கணக்கில், ஆணையத்தின் முடிவு செல்லும் என்றது.

பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதத்தைத் திரிக்காமல் சொல்லணும். "இது நல்ல திட்டமா?" என்பது நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியே இல்லை. "நிபுணர்கள் உள்ள ஆணையம் பகுத்தறிவுக்கு ஒவ்வாத முடிவு எடுத்ததா?" என்பதுதான் கேள்வி. பொதுமக்களை எப்போதும் உள்ளே விட்டுத்தான் ஆகணும் என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுதியில்லை. இயந்திரத்தை ஓடும் நிலையில் வைத்திருக்கக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் தங்களுக்கு இல்லை என்று ஆணையத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது. ஆகவே முடிவு செல்லும். சட்டப்படி இது பலவீனமான வாதம் இல்லை.

ஆனாலும் விளைவைப் பாருங்கள். ஓர் அறை பாதுகாக்கப்பட்டதற்குக் காரணமே அது பொதுமக்கள் போய்வரும் இடம் என்பது. அந்தக் காரணத்தை எடுத்துவிட்ட பிறகும் 'பாதுகாக்கப்பட்ட உட்புறம்' என்ற பட்டம் மட்டும் நிற்கிறது. யாரும் பார்க்க முடியாத இடத்தை யாருக்காகப் பாதுகாக்கிறோம்? மாறுபட்ட இரண்டு நீதிபதிகளின் எதிர்ப்பும் ஏறக்குறைய இந்தப் புள்ளியில்தான் நிற்கிறது.

இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு இழப்புகளைத் தனித்தனியாகப் பேசுகிறார்கள்: ஒன்று, அபூர்வமான இயந்திரம் நிற்பது, இன்னொன்று, மக்கள் வருகை நிற்பது. என் பார்வையில் இவை இரண்டும் ஒன்றுதான். இயந்திரக் கடிகாரம் ஓடணும்னா வாரத்துக்கு ஒரு ஆள் வந்தே ஆகணும். வீட்டுக்காரர் கோடீஸ்வரராக இருந்தாலும், படுக்கையறைக்கு மேலேயோ கீழேயோ கிரீஸ் டப்பாவோடு ஒருத்தர் ஏறி வருவார். கூடவே நாலு பேரைக் கூட்டிக்கொண்டும் வரலாம். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டுமானால், கதவுச் சாவியும் யாரிடமாவது கொடுக்க வேண்டும். மின்சாரத்துக்கு மாற்றினால் இந்தத் தொந்தரவு ஒரே அடியில் தீர்ந்தது. எந்த முகப்பு கடிகாரமும் தெருவில் நிற்பவருக்கு அதே நேரத்தைத்தான் காட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மின்மோட்டார் வாங்கப்படுவது நேரத்தின் துல்லியத்துக்காக இல்லை, தனிமைக்காக.

"பணம் இல்லாமல் பழைய கட்டடத்தை யார் காப்பாத்துவது?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடத் தூரம் போக வேண்டாம், அதே பிராட்வேயில் சில தெருக்கள் தெற்கே நடந்தால் வுல்வொர்த் கட்டடம். ஐந்து சென்ட், பத்துச் சென்ட் கடைகளில் சம்பாதித்த பணத்தில் எஃப். டபிள்யூ. வுல்வொர்த் கட்டியது. 1913ல் திறந்தபோது 792 அடி, உலகத்திலேயே உயரமான கட்டடம். வெளிப்புறத்தில் பெரும்பகுதி சுட்ட மண் ஓடுகள். இந்த ஓட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் பிடித்திருக்கும் இரும்பு துருப்பிடித்து உப்பும், ஓடு வெடிக்கும். 1977 முதல் 1981 வரை நடந்த பழுதுபார்ப்பில் சுமார் 26,000 ஓடுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் வார்ப்புகளை வைத்தார்கள். இப்படிப்பட்ட செலவை வருஷா வருஷம் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் உரிமையாளருக்கு வீடு விற்ற பணம் பெரிய ஆதரவுதான். 2012ல் மேல் 30 மாடிகள் 6.8 கோடி டாலருக்குக் கைமாறி, வீடுகளாக மாறின.

அந்தக் கட்டடத்தின் 58வது மாடியில் ஒரு காலத்தில் பொதுமக்கள் ஏறிப் பார்க்கும் மேடை இருந்தது. கட்டணம் 50 சென்ட். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது, 1941ல், பாதுகாப்புக் காரணம் சொல்லி மூடினார்கள். அதன் பிறகு பழையபடி திறக்கவே இல்லை. அந்த உச்சியைத்தான் 'பினாக்கிள்' என்ற பெயரில் ஒரே வீடாக 2017ல் 11 கோடி டாலருக்கு விற்பனைக்கு வைத்தார்கள். ஆள் வரவில்லை. பிறகு 7.9 கோடி என்றார்கள். கடைசியில் 2023ல், உள்வேலை எதுவும் முடியாத வெற்றுக் கூடாக, சுமார் 3 கோடிக்குப் போனது. ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கட்டடத்தைக் காப்பாற்றும் பணத்துக்காகத்தான் உச்சியை விற்கிறோம் என்றால், அந்த உச்சி பல வருடம் விலை போகாமல் கிடந்தபோது காப்பாற்றியது எது? கீழே இருந்த மற்ற வீடுகளும் அலுவலகங்களும்தான். உச்சி இல்லாமலும் கணக்கு ஓடியிருக்கிறது.

இரண்டும் சேர்ந்து இருக்க முடியாதா என்றால், முடியும். லண்டனில் 1983ல் மூடப்பட்ட பேட்டர்ஸி மின் நிலையம், நீண்ட இழுபறிக்குப் பிறகு 2022ல் கடைகளும் அலுவலகங்களும் விலை உயர்ந்த வீடுகளுமாகத் திறந்தது. அதன் புகைபோக்கி ஒன்றுக்குள் கண்ணாடி லிஃப்ட் வைத்து, டிக்கெட் வாங்கிய யாரையும் 109 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். அந்தத் திட்டத்தின் மேல் விமர்சனம் நிறைய உண்டு, டிக்கெட்டும் இலவசம் இல்லை. ஆனாலும் பக்கத்தில் கோடீஸ்வரர் குடியிருப்பதால் பொதுமக்கள் மேலே ஏற முடியாது என்ற வாதம் அங்கே பொய்யாகிவிட்டது.

நம்ம ஊரில் 'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்று சொல்வார்கள். உள்ளே போக முடியாதவனுக்கும் கோபுரம் தெரியும் என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. உள்ளே விடாமல் வைத்திருக்கவும் அந்த ஆறுதல் எவ்வளவு வசதியாக இருந்தது என்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். பாரம்பரியச் சட்டங்கள் இன்று பெரும்பாலும் கோபுர தரிசனத்தோடு நின்றுவிடுகின்றன. முகப்பு கெடக் கூடாது, சன்னல் சட்டத்தின் நிறம் மாறக் கூடாது என்பதில் இருக்கும் கறார், வாசல் யாருக்குத் திறக்கும் என்பதில் இல்லை.

பிராட்வே 346 விஷயத்தில் என் குறை வாங்கினவர்கள் மேல் அதிகம் இல்லை. வணிகர் வணிகம் செய்தார். விற்றது யார் என்று பாருங்கள். அது பொதுச் சொத்து, விற்றது நகர நிர்வாகம். வாரத்தில் ஒரு நாள் கடிகார அறைக்கு நகரத்தின் ஆள் ஏறிப் போகலாம், மாதத்தில் சில மணி நேரம் பார்வையாளர் வரலாம் என்ற உரிமையைத் தெளிவாகப் பத்திரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தால், இத்தனை வருட வழக்குக்கு வேலையே இருந்திருக்காது. விலையில் கொஞ்சம் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான். வழிப்பாதை உரிமையை விட்டுவைத்து நிலம் விற்பது எந்த ஊர்ப் பத்திர எழுத்தருக்கும் தெரிந்த வேலை.

அடுத்த தடவை எந்த நகரத்திலாவது பழைய அரசுக் கட்டடம் ஒன்று 'மீட்டெடுக்க' விற்கப்படுகிறது என்று செய்தி வந்தால், மாதிரிப் படத்தை அப்புறம் பார்க்கலாம். விற்பனைப் பத்திரத்தில் சாவியைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கையெழுத்து விழுவதற்கு முன்னால் கேட்டால்தான் பயன்.